வெளிநாட்டு நகைச்சுவைத் தொடரைத் தழுவி எழுதுதல்: உரிமைப் பத்திரம் முதல் டேபிள் ரீட் வரை

வேறொரு நாட்டில் ஓடிய நகைச்சுவைத் தொடரைத் தழுவும் வேலை கைக்கு வந்ததும், புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் எபிசோடின் ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக்கொண்டு நேராக வசனத்தில் இறங்கிவிடுகிறார்கள். சில நாளில் பக்கங்கள் சேர்ந்துவிடும். உரக்கப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வராது. பிறகு வரி வரியாகத் திருத்துவார்கள். கோளாறு வரிகளில் இல்லாததால், திருத்தத் திருத்த அது மேலும் தளர்ந்து போகும்.

கீழே உள்ள வரிசையில் வசனம் எட்டாவது படியாகத்தான் வருகிறது. இத்தகைய தொடர்களில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், ஒருவரையொருவர் பொறுக்க முடியாத சிலர், விலகிப் போகவும் வழியில்லாமல், ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளும் நிலையிலிருந்துதான். அந்த நிலை புதிய ஊரில் நிற்குமா என்று உறுதி செய்துகொள்வதற்கு முன்பு எழுதிய வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்னால் குப்பைக்குத்தான் போகும்.

## தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூலத் தொடரின் எல்லா எபிசோடுகளும் வேண்டும். முதல் சீசனை மட்டும் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினால், மூல ஆசிரியர்கள் இரண்டாம் சீசனில் எதைக் கைவிட்டார்கள் என்பது தெரியாமலே போய்விடும். அவர்கள் கைவிட்டதையே நாம் பத்திரமாகச் சுமந்துகொண்டிருப்போம்.

ஒளிபரப்பான வடிவத்தின் ஸ்கிரிப்டைக் கேட்டு வாங்குங்கள். படப்பிடிப்புக்கு எடுத்துச் சென்ற ஸ்கிரிப்டுக்கும் எடிட் முடிந்து வந்ததற்கும் நடுவே நிறைய மாறியிருக்கும். பாத்திரங்களின் பின்னணியும் தொடரின் விதிகளும் அடங்கிய 'பைபிள்' உரிமையாளரிடம் இருந்தால் அதையும் கேளுங்கள்.

மூல நாட்டில் வளர்ந்த ஒருவர் உங்களுக்குத் துணையாக வேண்டும். சப்டைட்டில் வசனத்தின் பொருளைச் சொல்லும். பேசுகிறவர் எந்த ஊர்க்காரர், என்ன படித்தவர், அவருடைய உச்சரிப்பைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் ஏன் புருவம் உயர்த்துகிறார் என்பதைச் சொல்லாது. பிரிட்டிஷ் தொடர் என்றால் இந்தத் துணை இல்லாமல் பாதி நகைச்சுவை கண்ணிலேயே படாது.

ஒளிபரப்பு விவரமும் எழுத்தில் இருக்க வேண்டும்: எத்தனை நிமிடம், எத்தனை எபிசோட், சேனலா ஓடிடியா, வாரம் ஒரு நாளா ஐந்து நாளா. இது தயாரிப்பாளரின் கவலை என்று எழுத்தாளர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஐந்தாம் படியில் வரும் நேரக் கணக்கு இதன்மேல்தான் நிற்கிறது.

## 1. உரிமைப் பத்திரத்தை எழுத்தாளரும் படிக்க வேண்டும்

எந்த மொழிக்கு, எந்த நாடுகளுக்கு, எந்தத் தேதிக்குள் படப்பிடிப்பு தொடங்க வேண்டும், மாற்றங்களுக்கு யாருடைய ஒப்புதல் தேவை, நாம் புதிதாக எழுதும் கதைகள் யாருக்குச் சொந்தம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் பத்திரத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்த் தொடருக்கு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் பார்வையாளர்கள் இருப்பதால், 'இந்தியாவுக்கு மட்டும்' என்று எழுதிய உரிமை பின்னால் கையைக் கட்டும்.

ஒப்புதல் பற்றிய பிரிவு எழுத்தாளருக்கு மிக முக்கியமானது. தொடர் நடக்கும் களத்தையோ முக்கியப் பாத்திரத்தின் பாலினத்தையோ மாற்ற எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று இருந்தால், அந்தக் கடிதப் போக்குவரத்து முடிவதற்குமுன் ஸ்கிரிப்ட் எழுதுவது வீண் வேலை.

'கொஞ்சம் மாற்றி எடுத்துவிட்டால் போயிற்று, உரிமை எதற்கு' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெலாரஸில் அமெரிக்கத் தொடரான 'தி பிக் பேங் தியரி'யை உரிமை பெறாமல் அப்படியே எடுத்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் நடிகர்களே விலகிக்கொள்ள, தொடர் நின்றுபோனது. ஜெர்மனியில் 2004இல் தொடங்கிய 'ஸ்ட்ரோம்பெர்க்' ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நடக்கும் கதை என்றாலும், காகித வியாபார அலுவலகத்தில் நடக்கும் பிரிட்டனின் 'தி ஆபிஸ்' தொடரோடு அது கொண்டிருந்த உறவை யாராலும் மறைக்க முடியவில்லை. பிபிசி தரப்பு சட்டப் பேச்சை எடுத்த பிறகு மூலத்துக்கு நன்றி சொல்லும் வரி அதில் இடம்பெற்றது.

## 2. ரசிகராகப் பார்த்து முடியுங்கள், பிறகு கணக்கெடுங்கள்

முதல்முறை சிரித்துப் பார்ப்பதற்கு. இரண்டாம் முறை ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு கட்டங்கள் போட்டு எழுதுங்கள்: இந்தக் காட்சியில் யார் எதை விரும்புகிறார், யார் குறுக்கே நிற்கிறார், தொடக்கத்தில் யார் கை ஓங்கியிருந்தது, முடிவில் யார் கை ஓங்கியது. வசனத்தை எழுதிக்கொள்ள வேண்டாம்.

நல்ல நகைச்சுவைக் காட்சியில் கடைசி இரண்டு கட்டங்களும் ஏறக்குறைய எப்போதும் மாறியிருக்கும். மாறாத காட்சிகள் வந்தால் அவற்றைத் தனியே குறித்து வையுங்கள். பெரும்பாலும் அவை அந்த ஊருக்கே உரிய செய்திக் கிண்டலாகவோ, நடிகர் ஒருவரின் தனித்திறமைக்காக வைத்ததாகவோ இருக்கும். நிமிடக் கணக்கு இடிக்கும்போது முதலில் வெட்டப்பட வேண்டியவை அவையே.

## 3. அவர்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது எது?

இந்தப் படியில்தான் தழுவல் பிழைப்பதும் சாவதும் முடிவாகிறது. இதற்கு நேரம் தாராளமாக ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதுங்கள்: 'இவர் ஏன் நாளைக் காலை கிளம்பிப் போய்விடவில்லை?' பிரிட்டனில் 1962இல் தொடங்கிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரில் தந்தையும் மகனும் பழைய சாமான் வியாபாரம் செய்கிறார்கள். மேலான வாழ்க்கைக்கு ஏங்கும் மகன் ஒவ்வொரு முறையும் கிளம்பப் பார்க்கிறான், தந்தையின் முதுமையும் தந்திரமும் அவனுடைய சொந்தத் தயக்கமும் அவனைப் பிடித்து இழுக்கின்றன. அமெரிக்காவில் 1972இல் அது 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' ஆனபோது களம் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்குப் போனது, குடும்பம் கறுப்பினக் குடும்பமானது, குதிரை வண்டிக்குப் பதில் பழைய பிக்கப் வண்டி வந்தது. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே இருந்த கட்டு மட்டும் அப்படியே இருந்தது. நெருக்கடி வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகப்போவதாக நடிக்கும் அமெரிக்கத் தந்தை, அந்தக் கட்டுக்கு அந்த ஊரில் கிடைத்த புதிய வடிவம்.

கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' நல்ல பாடம். கடலோர விடுதி நடத்தும் பேசில் ஃபால்ட்டியை அந்த விடுதியோடும் அவருடைய மனைவியோடும் சேர்த்துக் கட்டியிருப்பது அந்தத் திருமணமும் அந்தச் சொத்தும். மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சம்தான் ஒரு சிறு பொய்யைப் பெரும் நாசமாக வளர்க்கிறது. அதைத் தழுவி 1983இல் அமெரிக்காவில் எடுத்த 'அமாண்டாஸ்' தொடரில் விடுதியை நடத்துபவர் கணவனை இழந்த ஒரு பெண்மணி. அஞ்சுவதற்கு வீட்டில் ஆளே இல்லாதபோது அவர் எதை யாரிடம் மறைப்பார்? தொடர் சில மாதங்களில் முடிந்தது.

இப்போது புதிய ஊருக்கு வாருங்கள். கட்டு அங்கே இருக்கிறதா, இருந்தால் அதே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடரின் அடிப்படையே, திருமணமான மகனின் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் பெற்றோர் குடியிருப்பதும் அவர்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வருவதும்தான். அமெரிக்கருக்கு அது ஒரு விபரீதம். அதன் ரஷ்யத் தழுவலான 'வரோனினி'யில் தெருவுக்குப் பதில் ஒரே மாடிப்படியில் எதிரெதிர் அடுக்ககங்கள் வந்தன. நகரக் குடியிருப்பு அங்கே அப்படித்தான். இந்தியாவில் 2015இல் 'சுமித் சம்பால் லேகா' என்று அது ஹிந்தியில் வந்தது. தமிழ்க் குடும்பத்துக்கு எழுதுவதாக இருந்தால், மகன் வீட்டுக்குள் தாய் தட்டாமல் வருவதில் விபரீதம் ஒன்றும் இல்லை, தட்டினால்தான் சண்டை. ஆகவே அழுத்தத்தை வேறிடத்தில் தேட வேண்டும்: சமையலறை யார் கையில், மருமகளின் சம்பளம் யாருக்குத் தெரியும், பேரனின் பள்ளியை யார் தீர்மானிப்பது. மூலத்தில் கதவு செய்த வேலையை இங்கே அடுப்போ வங்கிப் புத்தகமோ செய்யலாம்.

இங்கே நேரும் வழக்கமான பிழை, கட்டு பலவீனமாக இருப்பதை உணர்ந்ததும் அதை ஈடுகட்டப் பாத்திரங்களைச் சத்தம் போட வைப்பது. கதவு திறந்தே கிடக்கும்போது உள்ளே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் பார்க்கிறவருக்குப் பரிதாபம் வராது.

## 4. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று வரையுங்கள்

ஒரு தாளில் எல்லாப் பாத்திரங்களையும் மேலிருந்து கீழாக நிறுத்துங்கள். பணம், படிப்பு, ஊர், வயது, பேச்சு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி வரிசை வேண்டும். ஒரு வரிசையில் மேலே இருப்பவர் மற்றொன்றில் கீழே இருந்தால் அங்கே நகைச்சுவை இருக்கிறது.

அமெரிக்காவின் 'தி நேனி' தொடரில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த யூதப் பெண், தன் மூக்கடைத்த குரலோடும் பளபளக்கும் உடைகளோடும் ஆங்கிலேயத் தயாரிப்பாளரின் மாளிகைக்குள் நுழைகிறாள். 2004இல் வந்த ரஷ்ய வடிவத்தில் அவள் உக்ரைனின் மரியுபோலிலிருந்து மாஸ்கோவுக்கு வந்தவள். மதமும் இனமும் மாறின. தலைநகரின் மேட்டுக்குடி வீட்டுக்குள் தன் பேச்சாலேயே காட்டிக்கொடுக்கப்படும் வெளியூர்ப் பெண் என்ற இடம் மாறவில்லை. அங்கே அது மிகப் பெரிய வெற்றி பெற்றது.

லண்டனில் வெளிநாட்டினர் ஆங்கிலம் கற்கும் வகுப்பைக் காட்டிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்', தூர்தர்ஷனில் 1993இல் 'ஸபான் சம்பால்கே' ஆனபோது, பல மாநிலத்தவரும் வெளிநாட்டினரும் ஹிந்தி கற்கும் வகுப்பானது. படிநிலை சரியாகப் பொருந்தியது. ஆனால் இத்தகைய களத்தில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் கேலிச்சித்திரமாகச் சுருங்கிவிடும் ஆபத்து மூலத்திலேயே இருந்தது என்பதையும், இன்று எழுதுபவர் அதைக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் இந்தப் படி இன்னும் கவனம் கேட்கிறது. பிரிட்டிஷ் தொடரில் வர்க்கமாக இருப்பதை இங்கே கொண்டுவரும்போது, பெயர், தெரு, உறவுமுறைச் சொல், சாப்பாடு என்று ஏதாவது ஒன்றின் வழியாகச் சாதி உள்ளே வந்துவிடும். எழுத்தாளர் அதைத் தீர்மானிக்காவிட்டால் நடிகரும் உடை அலங்காரமும் தீர்மானித்துவிடுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். திரையில் வெளிப்படையாக வராவிட்டாலும் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'சிரிப்புக்கு இருக்கட்டும்' என்று ஏதோ ஒரு வட்டார வழக்கை அசட்டுப் பாத்திரத்தின் வாயில் வைப்பது சோம்பேறித்தனம்.

## 5. அமைப்பின் விதிகளையும் நேரக் கணக்கையும் சரிபாருங்கள்

அலுவலகம், அரசுத் துறை, பள்ளி, மருத்துவமனை என்று ஒரு அமைப்புக்குள் நடக்கும் தொடரானால், அந்த அமைப்பில் யார் யாரை நியமிக்கலாம், யார் யாரை நீக்கலாம், யாருக்கு மாற்றல் உண்டு என்பதை இரு நாட்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். கதை இதன்மேல் நிற்கிறது.

பிரிட்டனின் 'யெஸ் மினிஸ்டர்' தொடரில் அமைச்சர் வருவார், போவார். செயலர் இருந்துகொண்டே இருப்பார். அவரை அமைச்சரால் எளிதில் நீக்க முடியாது. இந்திய ஆட்சிப்பணி அதே பிரிட்டிஷ் அச்சில் வார்த்தது என்பதால், 2001இல் ஹிந்தியில் வந்த 'ஜீ மந்த்ரிஜி'க்கு அமைப்பில் எதையும் வளைக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் துறைகளின் உயர்பதவிகள் அதிபரோடு மாறுபவை. அங்கே இந்தச் செயலரை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினால், அமைச்சர் ஏன் இவரைப் பொறுத்துக்கொள்கிறார் என்ற கேள்வி முதல் காட்சியிலேயே எழுந்துவிடும்.

தமிழில் அருகே உள்ள எடுத்துக்காட்டு, ஹிந்தியில் 2020இல் வந்த 'பஞ்சாயத்' தொடரைத் தழுவி 2024இல் வந்த 'தலைவெட்டியான் பாளையம்'. உத்தரப் பிரதேசக் கிராமத்திலிருந்து திருநெல்வேலிப் பக்கத்துக்குக் களம் மாறியபோதும், ஊராட்சித் தேர்தலில் வென்றது மனைவி, நாற்காலியில் உட்காருவது கணவர் என்ற நிலை சிரமமின்றிக் கூடவே வந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு இரு மாநிலத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் 2016 முதல் அது 50 சதவீதம். ஆனால் இதுபோன்ற களத்தை எடுப்பவர், ஊராட்சிச் செயலரை நியமிப்பது யார், அவர் வெளியூர்க்காரராக இருப்பது வழக்கமா, காசோலையில் யாரெல்லாம் கையெழுத்திட வேண்டும் என்பதையெல்லாம் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஹிந்தி மாநிலமும் தமிழ்நாடும் ஒரே நாடுதானே என்று விட்டுவிடுவது, பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒரே மொழிதானே என்று விட்டுவிடுவதற்குச் சமமான பிழை.

அடுத்தது நேரம். விளம்பரமில்லாத பிபிசியின் அரை மணி நேரம் ஏறக்குறைய முழு அரை மணி நேரம். அமெரிக்க வணிகச் சேனலின் அரை மணி நேரத்தில் கதைக்கு மிஞ்சுவது 22 நிமிடம் அளவுக்குத்தான். பிரிட்டனின் 'கப்ளிங்' ஸ்கிரிப்டுகளை அந்த அளவுக்குள் சுருக்கி 2003இல் அமெரிக்கச் சேனலான என்பிசி எடுத்தது. நான்கு எபிசோட் ஒளிபரப்பானதோடு நிறுத்தப்பட்டது. பின்னிப் பின்னிப் போகும் கதைக்கட்டு அந்தத் தொடரின் பலம், அதைச் சுருக்கினால் முடிச்சு மட்டும் மிஞ்சும். சுருக்க வேண்டுமானால் ஒரு கிளைக்கதையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் முதலில் போவது இடைவெளிகள், இடைவெளிகளில்தான் சிரிப்பு இருந்திருக்கும்.

எண்ணிக்கை இதைவிடப் பெரிய விஷயம். பிரிட்டனின் 'தி ஆபிஸ்' 12 எபிசோடும் இரு பாகக் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியுமாக 2003இல் முடிந்தது. அமெரிக்க 'தி ஆபிஸ்' 2005 முதல் 2013 வரை 201 எபிசோட் ஓடியது. 12 எபிசோடுக்கு ஒரு மேலாளர் முழுக்க முழுக்கத் திறமையற்றவராக இருக்கலாம், கடைசியில் அவர் வேலையை இழப்பார், கதையும் முடியும். அதுவே நூறைத் தாண்டினால், நிறுவனம் ஏன் அவரை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறவர் கேட்பார். அமெரிக்க எழுத்தாளர்கள் அதற்கு இரண்டாம் சீசனிலேயே விடை வைத்தார்கள்: மைக்கேல் ஸ்காட் மோசமான மேலாளர், ஆனால் அருமையான விற்பனையாளர், திறமைக்குப் பரிசாகத் திறமையில்லாத நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர். அந்த ஒரு முடிவு பல ஆண்டுகளுக்கான கதையைத் தாங்கியது. உங்கள் தொடர் எத்தனை எபிசோட் என்பதைப் பொறுத்து, இப்படி எந்தெந்தப் பாத்திரத்துக்குத் தாங்குகட்டை வைக்க வேண்டும் என்று பட்டியலிடுங்கள்.

## 6. கேமரா அங்கே ஏன் இருக்கிறது?

வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 'தி ஆபிஸ்' ஆவணப்படம் போல் எடுக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது: 1990களின் இறுதியில் சாதாரண மனிதர்களின் வேலையிடங்களுக்குள் கேமராவைக் கொண்டுபோகும் நிகழ்ச்சிகளால் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறைந்திருந்தது. ஒரு காகித வியாபார அலுவலகத்தைப் படம்பிடிப்பதில் அங்கே யாருக்கும் வியப்பில்லை.

தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு பாத்திரம் திடீரென்று கேமராவைப் பார்த்துத் தன் மனத்தைச் சொல்வது எங்கிருந்து பழக்கம்? 2017இல் தொடங்கிய தமிழ் 'பிக் பாஸ்' அந்தப் பழக்கத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்திருக்கிறது; ஆனால் அங்கே பேசுகிறவருக்குப் பிரபலமாக வேண்டும் என்ற ஆசை உண்டு. ஓர் அலுவலகக் குமாஸ்தா ஏன் பேசுகிறார் என்று நீங்கள் ஒரு காரணம் வைக்க வேண்டும். யூடியூப் சேனல் எடுக்கிறது, தலைமை அலுவலகம் விளம்பரப் படம் கேட்டிருக்கிறது, எதுவாகவும் இருக்கலாம். காரணம் முடிவானால், யார் கேமரா முன் நடிக்கிறார், யார் அதிலிருந்து ஒளிகிறார் என்பது தானாகவே கிடைக்கும்.

பதிவு செய்த சிரிப்பொலியை மூலத்தில் இருந்ததால் மட்டும் சேர்க்காதீர்கள். அது அரங்கப் பார்வையாளர் முன் நடித்த தொடர்களின் அங்கம். அங்கே நடிகர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பேசுவார்கள். அந்தக் காத்திருப்பு இல்லாத நடிப்பின்மேல் சிரிப்பை ஒட்டினால் அடுத்த வரி காதில் விழாது.

## 7. சங்கடத்தின் அளவைத் தீர்மானியுங்கள்

முக்கியப் பாத்திரம் எவ்வளவு தூரம் வெறுக்கத்தக்கவராக இருக்கலாம் என்பது ஊருக்கு ஊர், ஒளிபரப்பு நேரத்துக்கு நேரம் மாறும். அமெரிக்க 'தி ஆபிஸ்' தொடரின் முதல் எபிசோட் பிரிட்டிஷ் மூலத்தின் முதல் எபிசோடை ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி பின்பற்றியது. இரண்டாவதிலேயே சொந்தக் கதைக்குப் போய்விட்டார்கள். ஆறு எபிசோட் கொண்ட முதல் சீசன் முடிந்ததும் மேலாளரின் கடுமையைக் குறைத்து, அவர் எல்லோரையும் வதைப்பதற்குக் காரணம் எல்லோரும் தம்மை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதை இரண்டாம் சீசன்வரை தள்ளிப்போட எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்காது. ஒவ்வொரு எபிசோடிலும் அந்தப் பாத்திரம் செய்யும் மிகக் கேவலமான ஒரு காரியத்தையும், அதே எபிசோடில் அவருக்காக நாம் வருந்தும் ஒரு கணத்தையும் குறித்துவையுங்கள். இரண்டாவது எங்கே விடுபடுகிறது என்று பார்த்தால் தொடர் எங்கே கசக்கிறது என்று தெரியும். எதிர்த் திசையிலும் பிழை நேர்கிறது: குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று பயந்து அந்தக் கேவலமான காரியத்தையே நீக்கிவிடுவார்கள். அப்புறம் மிஞ்சுவது ஒரு நல்ல மனிதரின் அலுவலக நாள்.

## 8. இப்போது வசனம்

மூல ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு, இரண்டாம் படியில் எழுதிய நான்கு கட்டங்களை மட்டும் பார்த்துக் காட்சியை எழுதுங்கள். வசனத்தைப் பார்த்து எழுதினால் ஆங்கில வாக்கியத்தின் எலும்பு உள்ளே நின்றுவிடும். நடிகர் எவ்வளவு முயன்றாலும் அது வாயில் உருளாது.

முதலில் விளிப்பு அட்டவணை போடுங்கள். யார் யாரை 'நீ' என்பார், யார் 'நீங்க' என்பார், யார் 'சார்', யார் 'அண்ணே', யார் பெயர் சொல்லாமலே தவிர்ப்பார் என்று ஒவ்வொரு இணைக்கும் எழுத வேண்டும். ஆங்கில அலுவலகத் தொடரில் மேலாளரை எல்லோரும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவர் நண்பராக வேண்டும் என்று துடிப்பதும் மற்றவர்கள் தள்ளி நிற்பதும் வேறு வழிகளில் தெரிகிறது. தமிழில் அதற்கு இன்னும் கூர்மையான கருவி கையில் இருக்கிறது: 'சார்னு கூப்பிடாதீங்க, அண்ணன்னு கூப்பிடுங்க' என்று அவர் கெஞ்ச, ஊழியர்கள் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'சரிங்க சார்' என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். ஓர் இணைக்குள் விளிப்பு மாறும் இடம் ஒரு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். கவனமில்லாமல் ஒரு காட்சியில் 'நீங்க', அடுத்ததில் 'நீ' என்று வந்தால் அந்த உறவே குழம்பிவிடும்.

அடுத்து, மூலத்தின் சிரிப்பு இடங்களை மூன்றாகப் பிரியுங்கள்: அப்படியே வரக்கூடியவை, மாற்று தேவைப்படுபவை, விட்டுவிட வேண்டியவை. மாற்றுத் தேடும்போது பொருளைப் பார்க்காமல் அது செய்யும் வேலையைப் பாருங்கள். சக ஊழியரின் ஸ்டேப்லரை ஜெல்லிக்குள் உறையவைக்கும் குறும்பு 'தி ஆபிஸ்' தொடரின் பிரிட்டிஷ், அமெரிக்க வடிவங்கள் இரண்டிலும் இருக்கிறது. அதன் வேலை என்ன? தன் பொருள்களின்மேல் அதீத உரிமை கொண்டாடும் ஒருவருக்கு, அந்தப் பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே கிடைக்காமல் செய்வது. யாருக்கும் காயமில்லை, புகார் கொடுத்தால் கொடுப்பவர்தான் சிறுபிள்ளையாகத் தெரிவார். நம் அலுவலகங்களில் தன் நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்துத் தகுதியைக் காட்டும் ஆள் உண்டல்லவா? ஒரு காலை அவர் வரும்போது கடைநிலை ஊழியர்வரை எல்லோருடைய நாற்காலியிலும் அதே துண்டு கிடக்கிறது. பொருள் முற்றிலும் வேறு, வேலை ஒன்றே.

மௌனங்களை ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். 'அவர் பதில் சொல்லவில்லை; நான்கு விநாடி' என்று குறிக்காவிட்டால் படப்பிடிப்பில் யாராவது ஒரு வரியைச் செருகிவிடுவார்கள். நம் ஊரில் சும்மா இருக்கும் நடிகரைக் கண்டால் இயக்குநர், ஒளிப்பதிவாளர், உதவியாளர் என்று எல்லோருக்குமே கை பரபரக்கும்.

ஒழுங்குமுறைகளையும் இந்தக் கட்டத்தில் சரிபாருங்கள். இந்தியாவில் சேனல் தொடருக்குக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் உள்ள நிகழ்ச்சி விதிகளும், ஓடிடி தொடருக்கு 2021 விதிகளின் வயது வகைப்பாடும் பொருந்தும். எந்த வகைக்கு எழுதுகிறோம் என்பதை முன்பே கேட்டுக்கொண்டால் கடைசி நேரத்தில் வசைச்சொல்லின்மேல் ஒலி மறைப்பு வைக்க வேண்டியிராது.

## 9. உடையும் வீடும் எழுத்தாளரின் வேலைதான்

'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடரை உருவாக்கிய ஃபில் ரோசென்தால், ரஷ்யத் தழுவலுக்கு உதவ மாஸ்கோ சென்ற அனுபவத்தை ஆவணப்படமாகவே எடுத்தார். வீட்டுவேலையில் களைத்துக் கிடக்கும் மனைவிக்கு அங்கிருந்த உடை வடிவமைப்பாளர் நாகரிக உடைகளை அணிவிக்க விரும்பியதும், அது எதற்காகக் கூடாது என்று அவர் மன்றாடியதும் அதில் வருகின்றன. குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டு வரும் பெண் விருந்துக்குப் போவது போலிருந்தால், கணவன் உதவவில்லை என்ற அவள் கோபத்துக்கு ஆதாரமே இல்லை.

தமிழ்த் தொடர்களில் பட்டுப் புடவையோடு சமையலறைக்குள் நிற்பது வழக்கமாகிப் போனதால் இந்தப் பிழை கண்ணில் படாமலே நுழையும். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாத வருமானத்தை எழுதுங்கள். தளவாடமும் உடையும் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும் என்று கலை இயக்குநரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

## 10. டேபிள் ரீட்

நடிகர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முதல் மூன்று எபிசோடையும் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்றைப் படித்தால் போதாது. முதலாவது எப்போதும் மூலத்தின் பலத்தில் ஓடிவிடும், மூன்றாவதில்தான் நம் சரக்கு தெரியும்.

கேட்பவர்களில் பாதிப் பேர் மூலத் தொடரைப் பார்க்காதவர்களாக இருக்கட்டும். பார்த்தவர்கள் நினைவிலிருந்து சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பை நம்ப முடியாது. ஒருவரைத் தனியே உட்காரவைத்து, பார்க்காதவர்கள் சிரித்த இடங்களை மட்டும் ஸ்கிரிப்டின் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

சிரிப்பு வராத இடத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லாதீர்கள். அந்த வரியைத் திருத்தவும் உடனே உட்காராதீர்கள். முதலில் மூன்றாம் படிக்குத் திரும்பி அந்தக் காட்சியில் கட்டு இருக்கிறதா என்றும், பிறகு நான்காம் படிக்குப் போய்ப் படிநிலை மாறுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து சிரிப்பு மட்டும் வரவில்லை என்றால்தான் வரியைத் தொட வேண்டும்.

## 11. மூலக் கதைகள் தீரும் நாளுக்கு முன்பே

ரேமண்டின் 210 அமெரிக்க எபிசோடுகளும் தீர்ந்தபின் ரஷ்ய எழுத்தாளர்கள் தாங்களாகவே புதிய கதைகளை எழுதி 2019 வரை தொடரை நடத்தினார்கள். உங்களிடம் 12 கதைகளே இருந்தால் அந்த நாள் மிக விரைவில் வரும். ஆகவே முதல் சீசனிலேயே நான்கில் ஒரு கதையாவது சொந்தமாக இருக்கட்டும். அது வேலை செய்கிறதா என்பது, பாத்திரங்கள் இந்த ஊருக்கு உண்மையாகக் குடிவந்துவிட்டனவா என்பதற்கான சோதனை.

மூலத்திலிருந்து விலகிய ஒவ்வொரு இடத்தையும், விலகியதற்கான காரணத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி வாருங்கள். ஒப்புதல் கேட்டு உரிமையாளர் தரப்பு கேள்வி எழுப்பும்போது இதுதான் உங்கள் பதில். இரண்டாம் சீசனுக்கு வேறு எழுத்தாளர்கள் வந்தால் அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியதும் இந்தப் பதிவேடே. மூலத் தொடரின் ஸ்கிரிப்டுகளை அதன் பிறகு கொடுக்கலாம்.